டர்பன் லமான்ட்வில் டவுன்ஷிப்பில் இருந்த சுகாதார மையத்தின் வரலாறு என்ன? அதை ஏன் இன்றும் பேசுகிறார்கள்?

தென்னாப்பிரிக்காவில் டவுன்ஷிப் என்றால் நகரத்தின் ஓரத்தில் கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட குடியிருப்பு. லமான்ட்வில் டர்பனின் தெற்கே உள்ள அப்படியொரு இடம். 1934-இல் நகரசபை கட்டத் தொடங்கியது. ஆர்ச்சிபால்ட் லமான்ட் என்ற முன்னாள் மேயரின் பெயரை வைத்தார்கள். அங்கே 1940-களின் பிற்பாதியில் ஒரு சுகாதார மையம் இயங்கத் தொடங்கியது. ஆயுள் என்று பார்த்தால் பதினைந்து வருடம்கூடத் தேறாது. ஆனால் இன்று அமெரிக்காவில் மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்கள் வைத்தியம் பார்க்கும் சமுதாய சுகாதார மையங்களின் வேரைத் தேடினால் இங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

ஆனால் லமான்ட்வில் கதையை லமான்ட்வில்லில் தொடங்க முடியாது. டர்பனிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் உள்ளே, டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் பொலேலா என்ற பகுதி இருக்கிறது. ஜூலு மக்கள் வாழும் கிராமப்புறம். 1940-இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற இளம் மருத்துவத் தம்பதியை அரசு அங்கே அனுப்பியது. இருவரும் ஜோகன்னஸ்பர்க்கில் படித்தவர்கள். மாணவர்களாக இருந்தபோதே கறுப்பின மக்களின் உடல்நிலையை ஆராய ஒரு சங்கம் நடத்தியவர்கள். பொலேலாவுக்கு வருவதற்கு முன் நாடு முழுக்கப் பள்ளிக் குழந்தைகளின் ஊட்டச்சத்தை ஆராய்ந்த கணக்கெடுப்பிலும் சிட்னி வேலை செய்திருந்தார். அவர்களோடு பொலேலாவில் எட்வர்ட் ஜலி என்ற மருத்துவ உதவியாளரும், அவர் மனைவி, நர்ஸ் அமெலியாவும், உள்ளூரிலிருந்து எடுத்த சில சுகாதார உதவியாளர்களும் சேர்ந்தார்கள். ஜலி தம்பதியும் அந்த உதவியாளர்களும் இல்லாமல் கார்க்குகள் எதையும் செய்திருக்க முடியாது. பல கட்டுரைகளில் அவர்கள் பெயர் ஒரு வரியோடு முடிந்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

அந்த ஊரின் நிலைமை இதுதான். நிலம் தேய்ந்துபோயிருந்தது. திடகாத்திரமான ஆண்களில் பெரும்பாலோர் வருடத்தில் பல மாதம் டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க் சுரங்கங்களிலும் கூலி வேலையில் இருந்தார்கள். வீட்டில் சோறு என்றால் மக்காச்சோளம்தான். குழந்தைகளுக்கு குவாஷியோர்கர், பெரியவர்களுக்கு பெலக்ரா, இரண்டும் புரதமும் வைட்டமினும் இல்லாத சாப்பாட்டால் வருபவை. கூடவே காசநோய், சிபிலிஸ், டைபாய்டு.

வந்தவர்களுக்கு மருந்து கொடுத்து அனுப்புவதோடு அவர்கள் நிறுத்தவில்லை. மையத்தைச் சுற்றி நூற்றுச் சொச்சம் வீடுகள் கொண்ட ஒரு பகுதியை எல்லை போட்டுக்கொண்டார்கள். வீடு வீடாகப் போய் யார் இருக்கிறார்கள், யார் வெளியூரில், என்ன சாப்பிடுகிறார்கள், எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள், கடந்த வருடம் யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள் என்று எழுதினார்கள். வருடா வருடம் திரும்பப் போய் எழுதினார்கள். வேலை பிடிபட்டதும் எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்தார்கள். இந்த இடத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆஸ்பத்திரிக்கு வந்தவர் யார் என்று எல்லா ஆஸ்பத்திரிக்கும் தெரியும். வராதவர் யார் என்று பொலேலாவுக்குத் தெரிந்திருந்தது. குழந்தை இறப்பு குறைகிறதா கூடுகிறதா என்று சொல்ல மொத்தம் எத்தனை குழந்தை பிறந்தது என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும். அவர்களிடம் அது இருந்தது. 1942-இல் அங்கே ஆயிரம் குழந்தை பிறந்தால் 275 முதல் பிறந்தநாளைப் பார்க்காமலேயே இறந்தன. 1950 வாக்கில் அது 100 அளவுக்கு இறங்கியது. 100 என்பதும் கொடுமையான எண்தான், ஆனால் எட்டு வருடத்தில் இப்படி இறங்கியது சாதாரணமல்ல.

எப்படிச் செய்தார்கள் என்பதற்கு பால் விஷயம் நல்ல உதாரணம். கார்க்குகளுக்குப் பிறகு பொலேலாவை நடத்திய ஜான் கேசல் இதை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் பால் குடித்தால் நல்லது என்று மையத்துக்குத் தெரியும். ஆனால் ஜூலு வழக்கப்படி ஒரு குடும்பத்தின் மாட்டுப் பாலை அந்த ரத்த உறவுக்காரர்கள் மட்டுமே குடிக்கலாம். கல்யாணமாகி வந்த மருமகள் அந்த உறவுக்குள் சேரமாட்டாள், அதனால் புகுந்த வீட்டுப் பால் அவளுக்குக் கிடையாது. மாதவிலக்கு நாளிலும் கர்ப்ப காலத்திலும் பெண்கள் மாட்டின் அருகில் போனாலே மாட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கையும் இருந்தது. பால் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் முழுத் தடை. இதை மூடநம்பிக்கை என்று சண்டை போட்டிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். மையம் பால் பவுடரைக் கொடுத்தது. அது பாலிலிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பவுடர் என்றோ மாவு என்றோதான் பேச்சில் சொன்னார்கள். எந்தக் குடும்பத்து மாட்டோடும் அதற்கு ஒட்டுறவு இல்லை. கட்டுப்பெட்டியான மாமியார்களே மறுப்பு சொல்லவில்லை.

முட்டைக்கு அத்தனை சிரமம் இல்லை. முட்டையைத் தின்பது வீண், பொறுத்திருந்தால் கோழியாகும் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். எடுத்துச் சொல்லச் சொல்ல மாறினார்கள். மக்காச்சோள விஷயத்தில் முதலில், "எங்கள் முன்னோர் இதைத் தின்றுதான் பலமாக இருந்தார்கள்" என்றார்கள். கூட்டம் போட்டுப் பேசும்போது ஊரின் வயதானவர்களே பழைய சாப்பாட்டைச் சொன்னார்கள்: மாட்டுப் பாலும் இறைச்சியும் சிறுதானியமும் காட்டுக் கீரையும். மக்காச்சோளம் பிந்தி வந்தது என்று ஊரே ஒத்துக்கொண்டது. அப்புறம் காய்கறித் தோட்டம் போடுவதும், சேர்ந்து விதை வாங்குவதும், சிறு சந்தை நடத்துவதும் எளிதாக நடந்தன.

தோற்றுப்போய்த் திருத்திக்கொண்ட இடமும் உண்டு. காசநோய் வந்த ஒரு பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார் டாக்டர். இல்லாவிட்டால் மற்றவர்களுக்குப் பரவும் என்றார். தகப்பனார் முகம் கடுத்துவிட்டது. நோயைப் பரப்புபவர் என்றால் அவர்கள் வழக்கில் சூனியக்காரர் என்று பொருள். மகளை சூனியக்காரி என்றால் எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்? இன்னொரு டாக்டர் வந்து வருத்தம் தெரிவித்து, வேறு விதமாகப் பேசிய பிறகுதான் மகளை அனுப்பச் சம்மதித்தார்.

சரி, இனி டர்பனுக்கு வருவோம். 1942-இல் ஹென்றி க்ளக்மன் தலைமையில் தேசிய சுகாதாரச் சேவை ஆணையம் அமைந்தது. அவர்களுக்கு பொலேலா கண் முன்னால் இருந்த முன்மாதிரி. 1944-இல் வந்த அறிக்கை, வரிப் பணத்தில் எல்லா இனத்தவருக்கும் மருத்துவச் சேவை வேண்டும், அதற்கு அடித்தளமாக நாடு முழுக்க 400 சுகாதார மையங்கள் வேண்டும் என்றது. நம் நாட்டில் ஜோசப் போர் என்பவரின் தலைமையில் அமைந்த கமிட்டி ஆரம்ப சுகாதார நிலையங்களை முன்வைத்த 1946-க்கு இரண்டு வருடம் முந்தியது இது. 400 மையத்துக்கு ஆள் வேண்டும், ஆளைப் பழக்க இடம் வேண்டும். அதற்காக 1946-இல் டர்பனில் குடும்ப, சமுதாய நலக் கழகம் ஒன்றைத் தொடங்கி சிட்னி கார்க்கைத் தலைவராக்கினார்கள். அந்தக் கழகத்தின் கீழ் நகரத்தின் வெவ்வேறு குடியிருப்புகளில் மையங்கள் வந்தன. கறுப்பின மக்களுக்கு லமான்ட்வில், வெள்ளையருக்கு உட்லண்ட்ஸ், இந்தியருக்கு ஸ்ப்ரிங்ஃபீல்டு.

ஸ்ப்ரிங்ஃபீல்டு நமக்குக் கொஞ்சம் நெருக்கமான பெயர். 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. அடுத்த ஐம்பது வருடத்தில் வந்தவர்களில் பெரும்பகுதி தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். கரும்புத் தோட்டத்திலிருந்து நகரத்துக்கு நகர்ந்த அவர்களின் பேரப் பிள்ளைகள்தான் டர்பனின் இந்தியக் குடியிருப்புகளை நிறைத்தார்கள். கழகத்தின் டாக்டர் ஈவா சால்பர் தென்னாப்பிரிக்காவின் நான்கு இனக் குழுக்களிலும் (கறுப்பினத்தவர், வெள்ளையர், இந்தியர், கலப்பினத்தவர்) குழந்தைகளின் பிறப்பு எடையை ஒப்பிட்டு ஆராய்ந்தார். தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் கோயில், தமிழ்ப் பள்ளி, சங்கம் வரைக்கும் போகிறார்கள். இந்த மையங்களின் பக்கம் அதிகம் வருவதில்லை. வர வேண்டும் என்பது என் ஆசை.

லமான்ட்வில்லின் சூழல் பொலேலாவிலிருந்து நிறையவே மாறுபட்டது. அதைக் கட்டிய பணத்தின் கதையே வித்தியாசம். கறுப்பினத் தொழிலாளர்களுக்கு பீர் விற்கும் உரிமையை டர்பன் நகரசபை தன்னிடமே வைத்துக்கொண்டு, அந்த லாபத்தில்தான் அவர்களுக்கான விடுதிகளையும் குடியிருப்புகளையும் நடத்தியது. லமான்ட்வில் நிலையான வேலையில் இருந்த குடும்பஸ்தர்களுக்கு என்று கட்டியது. நகரசபை வீடு, மாத வாடகை, வரிசையான தெருக்கள். நகரத்தில் குடும்பத்தோடு இருக்க இடம் கிடைக்காத பல்லாயிரம் பேர் கேட்டோ மேனர் என்ற பகுதியின் தகரக் குடிசைகளில் இருந்தார்கள்.

லமான்ட்வில் மையம் பொலேலாவின் முறையை இந்த நகரத் தெருக்களுக்குக் கொண்டுவந்தது. பகுதி பிரித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோப்பு வைத்து, அந்தக் குடும்பத்தை ஒரே டாக்டரும் ஒரே நர்ஸும் தொடர்ந்து பார்த்தார்கள். குழந்தைக்கு ஒரு டாக்டர், கர்ப்பிணிக்கு இன்னொரு இடம், காசநோய்க்கு வேறொரு ஆபீஸ் என்று அலையவிடவில்லை. கூடவே சுகாதாரக் கல்வியாளர்கள் வீட்டுக்குப் போனார்கள். இந்தப் பிரிவை வளர்த்தவர் கய் ஸ்டூவர்ட். அவருக்கு மேடைப் பிரசங்கத்தில் நம்பிக்கை இல்லை. அக்கம்பக்கத்து தாய்மார் சிலரை உட்காரவைத்து அவர்களே பேசி முடிவெடுக்கும்படி விட்டால் பழக்கம் மாறுமா என்று சோதித்துப் பார்த்தவர். சுகாதாரக் கல்வி என்றால் சுவரொட்டி என்று இன்றும் நினைக்கும் அதிகாரிகள் அவர் வேலையைத் தேடிப் படிக்க வேண்டும்.

கிராமமும் நகரமும் ஒரே கழகத்தின் கீழ் இருந்ததில் இன்னொரு லாபம் கிடைத்தது. பொலேலாவில் சிபிலிஸ் வந்த பெண்ணின் கணவர் டர்பனில் விடுதியில் இருப்பார். ஊரில் ஊசி போட்டு மட்டும் இதை நிறுத்த முடியாது என்று கார்க்குக்குப் புரிந்தது. குடும்பத்தைப் பிரித்து ஆணை மட்டும் வேலைக்கு இழுக்கும் ஏற்பாடுதான் நோயைப் பரப்புகிறது என்று 1949-இல் ஒரு கட்டுரையில் எழுதினார். எய்ட்ஸ் அதே ரயில் பாதைகளில் பரவியபோது அந்தக் கட்டுரையை ஆய்வாளர்கள் தேடி எடுத்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அந்த நகரம் எப்படி இருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1949 ஜனவரியில் டர்பனில் கறுப்பினத்தவருக்கும் இந்தியருக்கும் பெரும் கலவரம் வெடித்தது. அரசுக் கணக்குப்படியே 142 பேர் இறந்தார்கள். அதே நகரத்தில் இந்தக் கழகத்தில் கறுப்பின, இந்திய, வெள்ளை ஊழியர்கள் ஒரே குழுவாக வேலை பார்த்தார்கள்.

ஏன் மூடினார்கள்? 1948-இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து இனஒதுக்கலைச் சட்டமாக்கியது, அவர்கள்தான் கொன்றார்கள் என்பது வழக்கமான பதில். அது உண்மைதான். ஆனால் முதல் அடி அதற்கு முன்பே விழுந்துவிட்டது என்பது என் கருத்து. அப்போது பிரதமராக இருந்த ஸ்மட்ஸின் அரசு க்ளக்மன் அறிக்கையின் உயிர்நாடியான சுகாதார வரியை ஏற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிகள் மாகாணங்களிடமே இருந்துவிட்டன. தனியார் டாக்டர்களில் பலர் இந்த ஏற்பாட்டை விரும்பவில்லை. மையங்கள் மட்டும் தொடங்கின, 400-க்கு 40 போல. பணத்துக்கு உறுதியான வழியும் இல்லை, ஆஸ்பத்திரியோடு இணைப்பும் இல்லை. இந்த நிலையில் இருந்ததை 1948-க்குப் பிறகு வந்தவர்கள் இடித்துத் தள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பணத்தைக் குறைத்தார்கள், பயிற்சியை நிறுத்தினார்கள், ஊழியர்கள் மீது போலீஸ் கண் வைத்தது. 1951-இல் டர்பனில் கறுப்பின, இந்திய மாணவர்களுக்கு மருத்துவக் கல்லூரி திறந்தபோது, ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு அங்கே குடும்ப மருத்துவம் கற்பிக்க கார்க் முயன்றார். அது சில வருடம் தாக்குப்பிடித்தது. 1958-இல் கார்க்குகள் நாட்டை விட்டுப் போனார்கள். 1960-களின் தொடக்கத்தில் கழகம் இல்லாமல் போனது.

அவர்களோடு இருந்த பலரும் அந்தக் காலகட்டத்தில் வெளியேறினார்கள். கேசலும் ஸ்டூவர்ட்டும் அமெரிக்காவின் வட கரோலினாவுக்கு. சமூகச் சூழல் உடம்பை எப்படித் தாக்குகிறது என்ற ஆய்வுத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் கேசல் முக்கியமானவர். சால்பர் பாஸ்டனுக்குப் போய் அங்கே ஏழைக் குடியிருப்பு ஒன்றின் சுகாதார மையத்தை நடத்தினார். கார்க்குகள் ஜெருசலேமில் மறுபடியும் ஒரு பகுதியை எல்லை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கம் அலெக்ஸாண்ட்ரா டவுன்ஷிப்பின் மையத்தில் 1950-களின் தொடக்கத்தில் வேலை செய்த மெர்வின் சஸ்ஸர், ஸீனா ஸ்டைன் தம்பதியும் இங்கிலாந்து வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் நடந்தது ஒரு மாணவர் மூலமாக. 1957-இல் ஜாக் கைகர் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர் உதவித்தொகை வாங்கிக்கொண்டு வந்து ஐந்து மாதம் பொலேலாவிலும் லமான்ட்வில்லிலும் வேலை பார்த்தார். 1964-இல் கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டத்துக்காக மிசிசிப்பிக்குப் போனவர், அங்கே பருத்திக் காட்டுக் கறுப்பினக் குடும்பங்களைப் பார்த்தபோது, தென்னாப்பிரிக்காவில் கண்டது நினைவுக்கு வந்தது. கவுன்ட் கிப்ஸன் என்ற டாக்டரோடு சேர்ந்து அரசிடம் பணம் கேட்டார். 1965 டிசம்பரில் பாஸ்டனின் கொலம்பியா பாயின்டில் ஒரு மையம் திறந்தது. அடுத்து மிசிசிப்பியின் மவுண்ட் பாயூவில். அங்கே கிணறு தோண்டினார்கள், கழிப்பறை கட்டினார்கள், கூட்டுறவுப் பண்ணை போட்டார்கள். பட்டினிக் குழந்தைகளுக்கு டாக்டர் சீட்டில் உணவுப் பொருளை எழுதிக் கொடுத்து, கடைக்காரருக்கு மையத்தின் மருந்துக் கணக்கிலிருந்து பணம் கொடுத்தார்கள். மருந்துக்கான பணத்தை இப்படிச் செலவழிக்கலாமா என்று கேட்ட அதிகாரிக்கு, ஊட்டச்சத்துக் குறைவுக்கு மருத்துவப் புத்தகத்தில் போட்டிருக்கும் மருந்து சாப்பாடுதான் என்று பதில் போனது. பொலேலாவைப் படித்தவர்களுக்கு இது யார் குரல் என்று உடனே தெரியும். இன்று அமெரிக்கா முழுக்க அப்படிப்பட்ட மையங்களை நடத்தும் அமைப்புகள் சுமார் 1,400.

தென்னாப்பிரிக்காவுக்குள் இந்த வேலை முழுக்க அணையவில்லை. 1975-இல், இனஒதுக்கலை எதிர்த்த கறுப்பினத் தலைவர் ஸ்டீவ் பீக்கோவின் இயக்கத்தினர் கிங் வில்லியம்ஸ் டவுன் பக்கத்தில் சனெம்பிலோ மையத்தைத் திறந்தார்கள். அரசுப் பணம் ஒரு காசு இல்லை. அதை நடத்திய டாக்டர் மம்பேலா ராம்பேலேவை 1977-இல் அரசு தொலைதூரத்தில் உள்ள லென்யென்யே டவுன்ஷிப்புக்கு நாடு கடத்துவது போலக் கொண்டுபோய் விட்டது. அவர் அங்கேயும் இத்துசெங் என்று ஒரு சமுதாய சுகாதார மையத்தைக் கட்டினார்.

1994-இல் மண்டேலா அரசு கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம் என்று அறிவித்தது. டவுன்ஷிப்புகளில் நிறைய கிளினிக்குகள் கட்டினார்கள். பொலேலாவில் இன்றும் மாகாண அரசின் சமுதாய சுகாதார மையம் இயங்குகிறது. வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களும் திரும்ப வந்தார்கள். பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள். ஆனால் அவர்களில் பலருக்குச் சம்பளம் என்று எதுவும் கிடையாது, ஊக்கத்தொகைதான். நிரந்தர வேலை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். பொலேலாவில் எட்வர்ட் ஜலியோடு நடந்த சுகாதார உதவியாளர்கள் செய்த அதே வேலையைத்தான் இவர்களும் செய்கிறார்கள்.